சுவருக்குள் போன தண்டு

செங்கோட்டையில் பல் டாக்டராக இருந்த சிவசைலத்துக்கு ஒரு நாள் வலது கை லேசாக நடுங்கியது. மறுநாளும் நடுங்கியது. அன்றோடு கிளினிக்கை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்குப் பொழுது போகவில்லை. ஊருக்கு வெளியே பழைய புண்ணாக்குக் கிடங்கு ஒன்றில் ஒரு பெண்மணி இரும்பு மெஷின்களாகச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனார்.

அந்தப் பெண்மணி பெயர் எப்சிபா. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். டாக்டரைவிட இருபது வயதாவது சின்னவர். ஊரில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கிடங்கில் இருந்தவை எல்லாம் மரவேலை மெஷின்கள். மரம் அறுப்பவை, இழைப்பவை, கடைபவை. கரண்ட் வராத காலத்தில் பெல்ட் போட்டு ஓட்டியவை. மூடிப்போன மில்களிலிருந்தும் எஸ்டேட்களிலிருந்தும் டீச்சர் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவை. சிலவற்றை ஓட வைத்திருந்தார். சிலவற்றைத் துடைத்துச் சும்மா வைத்திருந்தார்.

டாக்டர் மறுநாளும் போனார். அடுத்த நாளும் போனார்.

"டீச்சர், என்னைச் சேர்த்துக்குவீங்களா?"

"எதுக்கு?"

"தெரிஞ்சுக்கணும்."

"எதை?"

டாக்டர் யோசித்தார். "அது தெரிஞ்சிருந்தா நான் ஏன் இங்க வரேன்?"

டீச்சர் ஒரு கம்பி பிரஷ்ஷை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

டாக்டர் துருவைத் தேய்த்துக்கொண்டே கேள்வி கேட்டார். கேள்விக்குக் குறைச்சலே இல்லை. இது எதற்கு, அது ஏன் வளைந்திருக்கிறது, இந்த ஓட்டையை யார் போட்டார்கள். டீச்சர் பாதிக்குப் பதில் சொல்வார். மீதியை அவர் பக்கமே தள்ளிவிடுவார்.

ஒரு முறை புளியரைப் பக்கம் மூடிக்கிடந்த தீக்குச்சி ஆலைக்கு இருவரும் போனார்கள். மூலையில் சாக்குக்கு அடியில் ஒரு மெஷின். டாக்டர் ஓடிப்போய் அதன் நெற்றியில் இருந்த பித்தளைத் தகட்டைக் கர்ச்சீப்பால் துடைத்தார். எழுத்து தெரிவதற்குள் டீச்சர் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து மறைத்துவிட்டார்.

"எந்த ஊர் மெஷின்னு பார்க்கலாம்னுதான்..."

"மெஷினைப் பாருங்க. அப்புறம் ஊரைப் பார்க்கலாம்."

டாக்டர் சுற்றிவந்து பார்த்தார். மேசை விளிம்பில் ஓர் இடம் மட்டும் கண்ணாடி மாதிரி மினுங்கியது.

"இங்க தேஞ்சிருக்கு."

"யார் தேச்சது?"

டாக்டர் அந்த இடத்தில் போய் நின்று பார்த்தார். விளிம்பு அவருடைய தொடையில் இடித்தது. "இங்க நின்னு வேலை செஞ்சவர் இடுப்பு. ஆனா என்னைவிட ரொம்பக் குட்டையான ஆள்."

டீச்சர் கையை எடுத்தார்.

வீடு திரும்பும்வரை டாக்டர் அந்தக் குட்டையான ஆளைப் பற்றியே பேசினார். தகட்டில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்க மறந்துபோயிருந்தார்.

மழை ஓய்ந்த பிறகு ராவுத்தர் மில்லிலிருந்து ஆள் வந்தது. மலை அடிவாரத்தில் பெரிய மரமில். அறுப்பு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. அசன்கனி ராவுத்தரின் மகன்கள் இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார்கள். உள்ளே இரண்டு சக்கரத்தில் ஓடி மரம் அறுக்கும் பழைய பட்டை ரம்பம் ஒன்று கிடக்கிறது, வந்து பாருங்கள் என்று ராவுத்தரே சொல்லி அனுப்பியிருந்தார்.

ராவுத்தருக்கு எழுபது தாண்டியிருந்தது. வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டை. இருவரையும் உள்ளே அழைத்துப்போய் ரம்பத்தைக் காட்டினார். டீச்சர் குனிந்து அதன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

டாக்டர் மேலே பார்த்தார். கூரைக்குக் கீழே மில்லின் நீளத்துக்கும் ஓர் இரும்புத் தண்டு ஓடியது. அந்தக் காலத்தில் ஆயில் இன்ஜின் அந்தத் தண்டைச் சுற்றும். அதிலிருந்து பெல்ட் இறக்கி ஒவ்வொரு மெஷினையும் ஓட்டுவார்கள். இதெல்லாம் டாக்டருக்கு இப்போது தெரியும்.

தண்டு கடைசிச் சுவருக்குள் போய் மறைந்தது.

டாக்டர் அந்தச் சுவரின் கீழே போய் நின்றார். தண்டின் முனையைத் தாங்குவதற்கு இந்தப் பக்கம் எதுவுமே இல்லை. அப்படியென்றால் தாங்குவது அந்தப் பக்கம் இருக்க வேண்டும். வெளியே போய்ப் பார்த்தார். வெளியே இருந்த ஜன்னல்களில் ஒன்று உள்ளே இல்லை. அதைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள்.

மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"ராவுத்தர், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"அங்க ஒண்ணும் இல்ல."

"தண்டு அந்தப் பக்கம் போகுதே?"

"போகும். ஒண்ணும் இல்ல."

டாக்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர், "சரிங்க ராவுத்தர்" என்றார். பட்டை ரம்பத்தை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கொடுத்த டீயைக் குடித்தார். கிளம்பிவிட்டார்.

வேனில் டாக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"எப்படி டீச்சர் விட்டுட்டு வரீங்க?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாரே."

"பொய் சொல்றார்."

"ஆமா."

"தெரிஞ்சுமா விட்டுட்டு வரீங்க?"

டீச்சர் கியரை மாற்றினார். பிறகு கேட்டார். "டாக்டர், பல்வலின்னு ஒருத்தர் வரார். நாற்காலியில உட்கார்ந்துட்டார். ஆனா வாயைத் திறக்க மாட்டேங்குறார். என்ன செய்வீங்க?"

"காத்திருப்பேன்."

"எதுவரைக்கும்?"

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் அவருக்குத் தெரியும். சொல்லப் பிடிக்கவில்லை.

ஆனால் அவரால் காத்திருக்க முடியவில்லை. தூங்கப் போனால் சுவர் வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் தண்டு வந்தது. ராவுத்தர் ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, பட்டை ரம்பத்துக்கு அளவெடுக்க வந்ததாகக் காவல்காரரிடம் சொல்லிவிட்டு மில்லுக்குள் போனார். பின்பக்கம் கிடந்த மூங்கில் ஏணியைத் தூக்கிவந்து சுவரில் சாய்த்தார். ஏறினார். தண்டு நுழைகிற இடத்தில் கை போகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. டார்ச்சை உள்ளே விட்டு, கன்னத்தைச் சுவரில் ஒட்டவைத்துப் பார்த்தார்.

"தெரியுதா?"

கீழே ராவுத்தர் நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் டார்ச்சை வெளியே இழுத்தார்.

"நல்லாப் பாருங்க. எங்க அண்ணன் கையைத் தின்ன மெஷின் அது. பாத்துட்டீங்களா? திருப்திதானே?"

ராவுத்தர் சத்தமே போடவில்லை. டாக்டர் இறங்கினார். கீழே வந்ததும் என்ன சொல்வது என்று தெரியாமல் வெளியே போய்விட்டார். நேராக டீச்சரின் கிடங்குக்கு வந்தார். நடந்ததை எதையும் மறைக்காமல் சொன்னார்.

டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டவில்லை.

"உள்ளே என்ன தெரிஞ்சது?"

"இருட்டு."

டீச்சர் ஒரு திருகை முடுக்கிக்கொண்டே கேட்டார். "ஏணியை எடுத்த இடத்துல வச்சீங்களா?"

"இல்ல. சுவர்லயே சாஞ்சிருக்கு."

"போய் வச்சிட்டு வாங்க."

"டீச்சர், அவர் முகத்துல நான் எப்படி..."

"ஏணியை வைக்க முகம் எதுக்கு? கை போதும்."

டாக்டர் மறுபடியும் மில்லுக்குப் போனார். ராவுத்தர் வாசலில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவரைக் கடந்து உள்ளே போனார். ஏணியை இறக்கித் தோளில் வைத்தார். வயசுக்கு அது கனம். நடுங்குகிற கையால் பிடித்துக்கொண்டு, இரண்டு இடத்தில் நின்று, பின்பக்கம் கொண்டுபோய் கிடந்தபடியே படுக்க வைத்தார். திரும்பி வந்து வாசலைத் தாண்டும்போது ராவுத்தர் கூப்பிட்டார்.

"இதுக்கா திரும்ப வந்தீங்க?"

"ஆமா."

ராவுத்தர் எழுந்துபோய் இன்னொரு நாற்காலியை எடுத்துவந்து போட்டார்.

டாக்டர் உட்கார்ந்தார். பிறகு ராவுத்தர் சொன்னார்.

"அண்ணன் பேரு உதுமான். இழைக்கிற மெஷின் அவன் பொறுப்பு. வேற யாரையும் தொட விடமாட்டான். பலகையை அவன் தள்ளினா பட்டு மாதிரி வரும்னு சொல்லுவாங்க. நான் அப்ப பாளையங்கோட்டையில ஹாஸ்டல்ல படிச்சுக்கிட்டிருந்தேன். லீவுக்கு வந்தா, அண்ணன் கையில கட்டுப் பிரிச்சாச்சு. இங்க சுவர். எங்க அத்தா கொத்தனாரை வச்சுக் கட்டிட்டாரு. அதைப் பத்தி வீட்டுல யாரும் பேசக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. பேசல."

"அண்ணன்?"

"புனலூருக்குப் போயி டீக்கடை வச்சான். மில் பக்கம் அவன் காலே வைக்கல. அங்கேயே மவுத்தாயிட்டான்." ராவுத்தர் கைலியை இழுத்து விட்டுக்கொண்டார். "மில்லு ஓடுன காலத்துல தண்டு சுவருக்கு அந்தப் பக்கமும் சுத்தும். பெல்ட் கிடையாது, ஆள் கிடையாது, சும்மா சுத்தும். இத்தனை மெஷின் சத்தத்துலயும் அந்தச் சத்தம் எனக்குத் தனியாக் கேட்கும்."

டாக்டருக்குக் கேள்வி தீர்ந்துபோன முதல் நாள் அது.

மண்டபத்துக்கு நாள் குறித்தபின் ராவுத்தர் டீச்சருக்கு போன் செய்தார்.

"ஜேசிபி வாரதுக்கு முன்னால நீங்க வந்து சுவரை எடுத்துருங்க. உள்ளே இருக்கிறதைக் கொண்டு போங்க. வச்சுக்குங்க, உடைங்க, என்னமும் செய்யுங்க. என் கண்ணுல மட்டும் படக் கூடாது."

காலையிலேயே போனார்கள். ராவுத்தர் நாற்காலியை வாசலுக்கு வெளியே போட்டு, மில்லுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

டீச்சர் கடப்பாரையால் ஓங்கி இடிக்கவில்லை. மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு செங்கலாக நெம்பி எடுத்தார். டாக்டர் வாங்கி அடுக்கினார். ஆள் நுழைகிற அளவு திறந்ததும் வெளிச்சம் உள்ளே விழுந்தது.

மெஷின் அறையின் நடுவே நின்றது. நீண்ட இரும்பு மேசை, இரண்டு பாதியாக. நடுவில் ஒரு பிளவு. அதற்குள் கத்திகள் பூட்டிய உருளை.

"சதுரம்" என்றார் டீச்சர். குரல் தாழ்ந்திருந்தது.

டாக்டர் புரியாமல் பார்த்தார்.

"இப்ப வர்ற மெஷின்ல கத்தி பூட்டுற உருளை வட்டமா இருக்கும். ரொம்பப் பழசுல மட்டும்தான் சதுரம். சதுரம் சுத்துறதுக்கு மேசையில பெரிய வாய் வேணும். பலகை துள்ளுச்சுன்னா கை நேரா அந்த வாய்க்குள்ள போகும். அதனாலதான் இப்படிச் செய்யறதையே நிறுத்திட்டாங்க. நான் இதைப் படத்துலதான் பார்த்திருக்கேன்."

டாக்டர் சுற்றி வந்தார். கூரை ஒழுகிய தடம் சுவரெங்கும் இருந்தது. தரையில் கிடந்த ஒரு தகரம் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. ஆனால் மெஷினில் துரு இல்லை.

"டீச்சர், இது ஏன் கெட்டுப்போகல?"

டீச்சர் மேசையை நகத்தால் சுரண்டினார். கறுப்பாக, பாகு போல இறுகிய ஏதோ ஒன்று சுருண்டு வந்தது.

"கிரீஸ். மூடுறதுக்கு முன்னால யாரோ மெஷின் முழுக்கத் தடவியிருக்காங்க. காஞ்சு தோல் மாதிரி ஆயிடுச்சு."

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். காய்ந்த கிரீஸில் தடவிய கையின் கோடுகள் அப்படியே இருந்தன. மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. இரண்டு இரண்டு கோடுகளாக. ஒன்று தடித்தது, ஒன்று மெலிந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

டாக்டர் தன் கையை அந்தக் கோடுகளுக்கு மேலே, தொடாமல், விரித்துப் பார்த்தார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் கோடுகளுக்கு நேராக வந்தன.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கத்தி உருளையில் மெழுகுத் துணி சுற்றி, மெழுகு ஏற்றிய கயிற்றால் கட்டியிருந்தது. டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முடிச்சுக்குப் பக்கத்தில் குனிந்தார். ஆயிரக்கணக்கான வாய்களைப் பார்த்த கண் அது. கயிற்றின் நுனியில் மெழுகில் பள்ளங்கள் பதிந்திருந்தன. மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு.

"பல்லு" என்றார். "ஒரு நுனியைப் பல்லால கடிச்சுக்கிட்டு, இன்னொரு நுனியைக் கையால இழுத்து முடிச்சுப் போட்டிருக்கார். வாலிப வயசுப் பல்லு. ஒண்ணுகூடத் தேயல."

வெளியே ராவுத்தரின் முதுகு தெரிந்தது.

"டீச்சர், அவர் பார்க்க மாட்டேன்னு சொல்லியிருக்கார்."

"ஆமா."

"சொல்லாம எடுத்துட்டுப் போயிடலாமா?"

"எடுத்துட்டுப் போகலாம்."

"சொல்லலாமா?"

"சொல்லலாம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். பிறகு வெளியே போய் ராவுத்தரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"ராவுத்தர், ஒண்ணே ஒண்ணு கேட்கவா?"

"கேளுங்க."

"அண்ணனுக்கு எந்தெந்த விரல் போச்சு?"

ராவுத்தர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"வலது கையில நடு மூணும்."

"அப்ப அவர் உள்ளே வந்திருக்கார். விரல் போனதுக்கு அப்புறம்."

ராவுத்தருக்கு அது விளங்கச் சற்று நேரம் ஆனது. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். மில்லுக்குள் நடந்தார். செங்கல் குவியலைத் தாண்ட டாக்டர் கை கொடுத்தார்.

டீச்சர் டார்ச்சைப் பிடித்தார். யாரும் எதையும் விளக்கவில்லை. ராவுத்தர் கோடுகளைப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அவற்றோடு கூடவே நடந்தார். மேசைக்கு அடியிலும் சக்கரத்தின் ஆரங்களிலும் அதே இரண்டு கோடுகள் இருந்தன. குனிந்து அவற்றையும் பார்த்தார்.

"இவ்வளவையும் ஒண்டியா..." என்றார். "கட்டோடவா செஞ்சிருப்பான்?"

"கட்டுப் பிரிச்சதுக்கு அப்புறம்தான் இருக்கணும். விரல் அடையாளம் தெரியுதே" என்றார் டாக்டர்.

"அப்ப சுவரு பாதி எழும்பியிருக்கும். அதுக்குள்ள ஏறிக் குதிச்சு வந்திருக்கான். இடது கையில விளக்கைப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கையால தடவியிருக்கான்."

தலைகுனிந்து நின்றார். பிறகு தன்னிடமே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்.

"புனலூருக்குப் போறப்பல்லாம் கடையில உட்காருவேன். ஒரு கையால டீ போட்டுக் கொடுப்பான். மழை பெய்யுதா, மிளகு எப்படின்னு பேசிட்டு வந்துருவேன். மில்லுன்னு வாயைத் திறக்க மாட்டேன். அவனுக்கு நோகும்னு நெனச்சேன். கடைசி வரைக்கும் திறக்கல." டீச்சரைப் பார்த்தார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பானோ?"

டீச்சர் டார்ச்சை அணைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று மெஷினை எடுக்கவில்லை. ராவுத்தர் தன் நாற்காலியை உள்ளே கொண்டுவரச் சொன்னார். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். மகன்களை வரச் சொன்னார். அவர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தெரியாத பெரியத்தா உதுமானைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். டீச்சரும் டாக்டரும் சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டார்கள்.

அடுத்த நாள் லாரி வந்தது. சங்கிலி போட்டு மெஷினைத் தூக்கியபோது ராவுத்தர் வெயிலில் நின்று, "மெல்ல, மெல்ல, மேசையில கை படாம" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தார்ப்பாயை அவரே இழுத்துக் கட்டினார்.

கிடங்கில் இறக்கியபின் டாக்டர் வழக்கம்போல ஒரு டப்பாவில் மண்ணெண்ணெயும் கொஞ்சம் பஞ்சும் எடுத்துவந்தார். மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். பஞ்சை நனைத்தார். பிழிந்தார். மேசையின் பக்கம் கொண்டுபோனார்.

கை நின்றுவிட்டது.

டீச்சர் அந்தப் பக்கம் சக்கரத்தின் தாங்கியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"உதுமான் வாழ்க்கையையே கெடுத்த மெஷின் இது. அவங்க அத்தா மூடச் சொல்லிட்டார். இனிமே யாரும் தொடப் போறதில்ல, பார்க்கப் போறதுகூட இல்ல. அது அவருக்குத் தெரியும். அப்புறம் ஏன் அந்தக் கையோட சுவர் ஏறி வந்து இவ்வளவு கிரீஸ் தடவினார்?"

டீச்சர் தலையை நிமிர்த்தவில்லை.

"தடவலைன்னா துருப்பிடிச்சிடுமே, டாக்டர்."